இரண்டு முறை மறைந்த நட்சத்திரம்

தை 26, சனி. இரவு.

வெள்ளிமலைக்கு என் ஜீப்பில் வந்த கல்லூரிக்காரர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. மூன்றாவது தொலைநோக்கியில் என்னை உட்காரவைத்தார்கள். ஒரு சிறுகோள் குறுக்கே வந்து நட்சத்திரத்தை மறைக்கும். அதைக் குறித்துக் கொடுக்க வேண்டும். நட்சத்திரம் ஐந்து நொடி மறைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒரு நொடி மறைந்தது. இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

"ரெண்டாவத அடிச்சிடுங்க டிரைவர்," என்றார் பேராசிரியர். "இல்லன்னா அந்தக் கல்லுக்கு ஒரு குட்டி நிலா இருக்குன்னு ஆயிடும். ஜீப் லைட்டு கூசியிருக்கும். இல்ல, கண்ண சிமிட்டியிருப்பீங்க."

"பேட்டரி ஒயரையே கழட்டிட்டுதான் சார் குந்தினேன். இருபது வருசமா இந்த மலை வளைவுல ஓட்டிக்கினு இருக்கேன். சிமிட்டுற கண்ணா இருந்தா எப்பவோ பள்ளத்துல கெடப்பேன்."

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே அந்த வரியை அடித்தார்.

மலை இறங்கும்போது என் பக்கத்தில் இருந்த மாணவி மெல்லச் சொன்னாள். இரண்டாவது தொலைநோக்கியில் பார்த்தவள் அவள். "எனக்கும் ரெண்டு வாட்டி மறைஞ்சிதுண்ணா. சார் திட்டுவாருன்னு ஒண்ணுதான் எழுதினேன்."

வண்டியை ஓரங்கட்டி, உள்விளக்கைப் போட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் பேராசிரியர் பின்னாலிருந்து.

நான் திரும்பவில்லை. "ரெண்டாவதையும் எழுதும்மா," என்றேன் அவளிடம். "நீ எழுதி முடிக்கிற வரைக்கும் வண்டி நவுராது."