எண்ணிப் பார்த்த பிறகும்

செவ்வாய், இரவு.

சேக்காடு பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளை எண்ணி வெளியே அனுப்பிவிட்டு வகுப்பைப் பூட்டினேன். அம்மாவுக்காகக் காத்திருந்த யாழினி என் புடவையை இழுத்தாள்.

"மிஸ், உள்ள ஒரு பாப்பா கீது. அழுதுகினு கீது."

திறந்து பார்த்தேன். யாரும் இல்லை.

"பேர் சொல்லுச்சாடா?"

"மல்லி."

மல்லி என் தங்கை. நான்கு வயதில், யாரும் எண்ணாமல் பூட்டிப்போன வகுப்பில் ஓர் இரவு முழுக்கக் கிடந்தாள். இரண்டே நாளில் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிற ஒரு டீச்சராவது இருக்கட்டும் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

யாழினி போன பிறகு, இருட்டும்வரை உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் பூட்டக் கை வரவில்லை. கதவைத் திறந்தே விட்டுவிட்டு வந்தேன்.