வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஊர்

அண்ணை,

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் தொடங்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் பட்டியல்.

1. உங்கள் கோட்டில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது.
2. ஓய்வுக்காலத்துக்கு ஊர் தேட நாம் இருவரும் போட்ட அட்டவணை.
3. அந்த அட்டவணையை நம்பித்தான் நீங்கள் கோயம்புத்தூர் போனீர்கள். அதற்குப் பொறுப்பு நான்.
4. வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்லவேண்டிய பதில்.

இன்று திங்கட்கிழமை. காலையில் தடித்த போர்வை எடுக்க வாசல் நடையிலுள்ள அலுமாரியைத் திறந்தேன். ஈரமும் பழைய கம்பளியும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே உங்கள் கறுப்புக் கோட்டு. கழுத்துப் பட்டியின் கீழே வெள்ளையும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது. வினாகிரி தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். பொட்டுகள் மங்கின, வாசனை போகவில்லை.

நீங்கள் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக் கார் தரிப்பிடத்தில் அதைக் கழற்றி என் கையில் திணித்தீர்கள். "இனி இது எனக்கெதுக்குங்க சார்? இதப் போட்டுட்டு கோயம்புத்தூர்ல நடந்தா நாய் தொரத்தும்." எனக்கு அது இரண்டு அளவு பெரிது. வேண்டாம் என்று சொல்லும் துணிவு இல்லாததால் வாங்கிக்கொண்டேன். ஒரு நாளும் போட்டதில்லை.

இந்த வீட்டின் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியைக் காலையில் நான் ஊற்றும்போதெல்லாம் "நம்ம மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் கெணறு வெட்ட வேண்டாமுங்க, சுவத்துலயே ஊத்து இருக்குது" என்பீர்கள். இருபத்திரண்டு வருடம் ஆய்வுகூடத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்த எனக்கு, அந்தத் தண்ணீரையும் அளந்து குறிக்காமல் ஊற்ற மனம் வராது. அதற்கும் சிரிப்பீர்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை விஷயம். மகள் நகரத்தின் மறுகோடியில், வெஸ்ட்கேட்டில், தன் வீட்டிலிருந்து பத்து நிமிட ஓட்டத்தில், ஓய்வுபெற்றோர் குடியிருப்பொன்றில் இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறாள். படி இல்லை, ஈரம் இல்லை, கண்ணாடிகள் எல்லாம் இரட்டைக் கண்ணாடி. வெள்ளிக்கிழமை வரை எங்களுக்காக வைத்திருப்பார்களாம். "அப்பா, நீங்கள் திங்க் பண்ணினது காணும். ஃப்ரைடே ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி வேற ஆருக்கும் குடுத்திடுவாங்கள்" என்கிறாள்.

ஓம் என்றால் இந்த வீட்டை விற்க வேண்டும். எங்கள் வயதில் விற்ற வீட்டுக்குத் திரும்பி வர முடியாது. இல்லை என்றால் இன்னொரு வீடு இப்படி அமையுமா தெரியாது. என் கண் மங்கிக்கொண்டு வருகிறது. காரோட்டும் அனுமதி இன்னும் எத்தனை நாளைக்கோ. மாடிப்படியில் ஏறும்போது மனைவி கைபிடியைப் பிடிக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களைக் கேட்கலாம் என்று தொலைபேசியை எடுக்கிறேன். எடுத்த பிறகுதான் நினைவு வருகிறது.

அட்டவணை போட ஆரம்பித்ததும் இப்படியொரு குளிர்காலத்தில்தான். சனிக்கிழமை காலையில் கடைகள் திறக்கு முன்னமே பெரிய கடைத்தொகுதிக்குள் போய், வெப்பமூட்டிய தரையில் நடப்போம். ஆறு சுற்று. நான் எண்ணுவேன், நீங்கள் பொய்யாக ஏழு என்பீர்கள். பிறகு உணவுக்கூடத்தில் ஒரு கோப்பிக்கு இரண்டு கோப்பை கேட்டு வாங்கி உட்கார்ந்து, நான் சதுரக்கோட்டுத் தாளை விரிப்பேன். யாழ்ப்பாணம், கோயம்புத்தூர், உங்கள் மைத்துனர் இருக்கும் பிரிஸ்பேன், ஹமில்டன், இங்கேயே இருப்பது. குறுக்கே மூன்று நிரல்கள்: சனம், செலவு, வெயிலும் குளிருமான சுவாத்தியம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை.

ஓர் ஊரை அதன் மோசமான மாதத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது என் விதி. அதன்படி நானும் மனைவியும் மே மாதம் யாழ்ப்பாணம் போனோம். புழுக்கத்தில் நான் நான்கு நாள் படுத்த பாயை விட்டு எழவில்லை. நீங்கள் சித்திரை வெயிலில் கோயம்புத்தூர் போய் வந்து, முகமெல்லாம் கறுத்து, "ஏழு போடுங்க சார்" என்றீர்கள்.

"ஏழோ? உங்கட மூக்கு உரிஞ்சு கிடக்கு."

"மூக்கு உங்க டேபிள்ல இல்லீங்களே?"

சனம் என்ற நிரலை நிரப்ப என்னிடம் ஓர் அளவுகோல் இருந்தது: வேலைநாளில் ஒரு செத்தவீடு நடந்தால் எத்தனை பேர் லீவு போட்டு வருவார்கள்? எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஓர் ஊரை எடை போடுவார்கள். நீங்கள் கோப்பியைச் சிந்தும்வரை சிரித்தீர்கள். "நான்தான் அங்க இருக்கமாட்டனே சார், யாரு வந்தாங்கன்னு எண்ணிட்டா இருப்பேன்?" ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வந்து, கோயம்புத்தூருக்கு அந்த நிரலில் பத்து போடச் சொன்னீர்கள். நான் போட்டேன். கூட்டிப் பார்த்தால் கோயம்புத்தூர் முதலிடம். என் கையால் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். யாழ்ப்பாணம் அடுத்தது.

ஆறு மாதத்தில் நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள். நான் யாழ்ப்பாணத்துக்குக் குடிபோகவில்லை. அட்டவணையில் இன்னும் சில விபரங்கள் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். பயம் என்பதற்கு நான் வைத்திருக்கும் பெயர் அது.

அங்கிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பீர்கள். முதலில் இளநீரும் மருமக்களும் கல்யாணங்களுமாக இருந்தது பேச்சு. பிறகு ஒருநாள் சொன்னீர்கள்: "இங்க பேச ஆளு நெறைய இருக்குதுங்க சார். என்னைத் தெரிஞ்ச ஆளுதான் இல்லை." இணைப்புச் சரியில்லை என்பதுபோல் "ஹலோ, ஹலோ" என்றேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் நீங்கள் போன செய்தி வந்தது. தொலைபேசித் திரையில் உங்கள் இறுதிச்சடங்கைப் பார்த்தேன். வீதி கொள்ளாத கூட்டம். என் அளவுகோலின்படி பத்துக்குப் பத்து. அன்றிலிருந்து இந்த மூன்றாம் குறிப்பு என் நெஞ்சில் கிடக்கிறது. தெரிந்த ஆளில்லாத ஊருக்கு உங்களை ஒரு தாளைக் காட்டி அனுப்பியவன், இப்போது அதே தாளை வைத்துக்கொண்டு தன் மனைவியை எங்கே அழைத்துப் போவது?

*

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. இன்று வியாழன். இடையில் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

செவ்வாய் மாலை கோயம்புத்தூரில் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோட்டை என்ன செய்வது என்று கேட்காமல் எறிய மனம் வரவில்லை. உங்கள் மனைவி என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இந்த இருபது வருடமும் இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"அந்தக் கோட்ட இன்னுமா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கண்ணா. அதுல ஒரு பாக்கெட்டு ஓட்டை, நான் தெச்சுத் தெச்சு அலுத்துட்டேன்."

சரி என்று தொலைபேசியை வைத்திருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. நான்தான் உங்களை அனுப்பினேன், என் அட்டவணைதான் அனுப்பியது, மன்னிக்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, அது உங்க டேபிள்னு யாரு சொன்னது?" என்றார்.

"நான்தானே போட்டனான் அக்கா."

"கோடு நீங்க போட்டீங்க. மார்க்கு நான் போட்டேன். வாராவாரம் வீட்டுக்கு வந்து, சனத்துக்கு எவ்வளவு போடலாம், வெயிலுக்கு எவ்வளவு போடலாம்னு எங்கிட்டத்தான் கேப்பாரு. எங்க அக்காங்க ரெண்டு பேரும் இங்க ஒரே தெருவுல இருக்காங்க. பத்து போடுங்கன்னேன். அதைத்தான் அடுத்த வாரம் உங்ககிட்ட வந்து சொன்னாரு."

"அண்ணைக்கு அங்க பிடிக்கேல்லைத்தானே?"

"பிடிக்கலைன்னுதான் சொல்லுவாரு. வர்றதுக்கு முன்னாடியே பிடிக்காதுன்னு தெரியும் அவருக்கு. 'முப்பது வருஷம் நீ என் குளுர்ல இருந்துட்ட, இனி நான் உன் வெயில்ல இருக்கறேன்'னாரு. தெனமும் திட்டிக்கிட்டேதான் இருந்தாரு. இருந்தாருங்கண்ணா."

அவர் மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்டுல அக்காவுக்கு எந்த ஊருங்க வேணும்?"

எனக்குத் தெரியவில்லை, அண்ணை. அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு அவருக்கும் தெரியுமுங்க. சார் இன்னும் வீட்டுல கேக்கலை போலன்னாரு ஒருநாள். நீங்க சொல்லலாமில்லன்னேன். வேண்டாம், சார் கூச்சப்படுவாருன்னுட்டாரு."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தாளை விரித்துப் பார்த்தேன். ஐந்து ஊர், மூன்று நிரல், அழி ரப்பர் தேய்த்த தடங்கள். நாலு பேர் போய் இருக்கப்போகும் ஊரை இரண்டு பேர் கோப்பி குடித்துக்கொண்டு தீர்மானிக்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைக்கூட நான் பிழையென்று நினைத்ததில்லை. என் வீட்டில் ஊர் விஷயம் ஆண்கள் பேசுவது, அப்பா அப்படி, அவருடைய அப்பாவும் அப்படி.

குசினிக்குள் போனேன். மனைவி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கையில் தாளும் பேனையுமாக நின்று, "உமக்கு எந்த இடம் விருப்பம்?" என்றேன்.

"இதென்ன, எனக்குச் சோதினையோ? முதல் அந்தப் பேப்பரை வையுங்கோ."

வைத்தேன்.

"பேனையையும்."

அதையும் வைத்தேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. "நாப்பத்தொரு வருசத்தில இப்பதான் கேக்கிறியள். ஆர் சொல்லித் தந்தது?"

"அக்கா."

"அதுதானே பார்த்தன். யாழ்ப்பாணத்தில எனக்கு ஆர் இருக்கினம்? எல்லாரும் சுவரில படமாத்தான் இருக்கினம். வெஸ்ட்கேட் நல்ல இடம்தான், ஆனா பிள்ளை வேலைக்குப் போனாப் பிறகு ஆர் என்னை ஏத்தி இறக்கிறது? உங்கட கண்ணுக்கு டொக்டர் என்ன சொன்னவர்?"

"அப்ப?"

"எனக்கு ஒடாஹுஹு வேணும்."

நம்பாமல் பார்த்தேன். பக்கத்துப் புறநகரான ஒடாஹுஹுவை நான் அட்டவணையில் ஏற்றவே இல்லை. சந்தடி என்று முதல் நாளே தள்ளிவிட்டேன். வியாழக்கிழமை தோறும் அவள் பஸ் எடுத்து அங்கே போவது மரக்கறி வாங்க என்றுதான் நினைத்திருந்தேன்.

"மரக்கறி வாங்க நாலு மணித்தியாலமோ?" என்றாள். அப்போதுதான் சினாவைப் பற்றிச் சொன்னாள். சமோவாக்காரி, விதவை, வாழைக்காய்க் கடையில் பழக்கமானவர். ஐந்து வருடமாக இருவரும் கடைகளைச் சுற்றிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து கதைக்கிறார்களாம். "அவவுக்கும் இங்கிலிஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ரெண்டையும் சேர்த்தால் ஒருமாதிரி வரும். போன வருசம் எனக்குத் தலைசுத்தினது உங்களுக்குத் தெரியாது, அவவுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது என்பது உண்மை. அதைத்தான் இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

நேற்று மகளுக்கு எடுத்து, வெஸ்ட்கேட் வேண்டாம் என்றேன். ஒடாஹுஹு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், படியில்லாத சின்ன வீடாகப் பார்க்கப்போகிறோம் என்றேன்.

"அப்பா, ஆர் யூ ஷூர்?"

"இல்லை. ஆனா அம்மா ஷூர்."

"அம்மாட்டப் போனைக் குடுங்கோ."

கொடுத்தேன். அரைமணித்தியாலம் இருவரும் கதைத்தார்கள், இடையில் இரண்டு தரம் சிரித்தார்கள். என்னைப் பற்றியாகத்தான் இருக்க வேண்டும்.

பயம் குறைந்துவிட்டது என்று எழுதினால் பொய். அங்கே சத்தம் இருக்கும். வாங்கக்கூடிய விலையில் வீடு கிடைக்காமல் போகலாம். சினாவே நாளைக்கு மகனோடு சிட்னிக்குப் போய்விடலாம். இதையும் மனைவியிடம் சொன்னேன். "போனால் போகட்டும், இன்னொருத்தி அந்த வாங்கில இருப்பாள்தானே" என்றாள். இப்போது அவள் வீட்டில் இல்லை. வியாழக்கிழமை. பத்து மணி பஸ்ஸில் போய்விட்டாள். நான் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் திரும்பி வந்ததும் "இன்றைக்கு என்ன கதைத்தனீங்கள்?" என்று கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், மறக்காமல் இருக்க.

உங்களைப் பற்றி எனக்கு மிச்சமிருப்பது ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் என் எதிரே உட்கார்ந்து, வீட்டில் கேட்டு வந்த எண்களை உங்கள் சொந்த எண்கள்போல் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் வட்டம் போடும்போது தலையாட்டினீர்கள். என்னைக் கூச்சப்பட வைக்காமல் எத்தனை வாரம் அப்படி இருந்தீர்கள் என்று இப்போது எண்ண முடியவில்லை.

மூன்றாம் குறிப்பு பிழை, அண்ணை. நீங்கள் என் பேச்சைக் கேட்டுப் போகவில்லை.