ஹாம் யார் வாங்கியது

கியர்னி, நெப்ராஸ்கா
அக்டோபர் 9

அன்புள்ள தம்பி கர்டிஸுக்கு,

உன் அத்தான் லைலின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். இரண்டு மாதம் ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அத்தான் கூரைத் தகரக் குழாயில் இலை அடைத்திருப்பதைக் கீழே நின்று பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அங்கே டூசானில் வெயில் தணிந்ததா?

ஒரு விஷயம். ஃபோனில் சொன்னால் நீ பேசியே என்னைக் கரைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். என் ஓய்வுக்காலப் பணத்தை உங்கள் கம்பெனி ஃபண்டிலிருந்து எடுத்து, சந்தையில் உள்ள எல்லாக் கம்பெனிப் பங்கையும் மொத்தமாக வாங்கி வைக்கிற இண்டெக்ஸ் ஃபண்டில் போடப் போகிறேன். திங்கட்கிழமை கையெழுத்து. ஆபீஸில் யாரோ சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

இருபது வருடமாக நீதான் பார்த்துக்கொண்டாய். நானும் சர்ச்சில் எல்லோரிடமும், "என் தம்பி என்கிட்ட சல்லிக்காசு வாங்கினதில்ல, கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்றித்தொடை ஹாம் வேற அனுப்புறான்" என்று பீற்றிக்கொள்வேன். பில் வராததால் கட்டணமே இல்லை என்று நினைத்துவிட்டேன். ஏப்ரலில் லைல் ஆண்டறிக்கையின் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "வெர்னா, இது நம்ம காசுல வாங்கின ஹாம்தான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு ஒன்றேகால் டாலர். எங்கள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வருடம் மூவாயிரம். இண்டெக்ஸ் ஃபண்டில் நூற்றுச் சொச்சம்தான்.

ஈஸ்டரன்று நீ கேட்டாயே, "அக்கா, அது வெறும் சராசரி. நாங்க நல்ல கம்பெனியாப் பாத்துப் பொறுக்குறோம். உனக்குச் சராசரி போதுமா?" என்று. அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் வந்தால் பள்ளியில் டீச்சர்கள் நாங்கள் ஒரு பந்தயம் கட்டுவோம்: மாவட்ட ஸ்பெல்லிங் போட்டியில் எந்தப் பிள்ளை ஜெயிக்கும்? தோற்றவர்கள் ஆப்பிள் பை சுட்டு வர வேண்டும். பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள் நான். முப்பத்தோரு வருடத்தில் நாலு தடவைதான் சரியாகச் சொன்னேன். ஒரு வருடம் ஜெயித்த டீச்சர் மறு வருடம் மாவு பிசைந்துகொண்டிருப்பார். இண்டெக்ஸ் ஃபண்ட் வகுப்பு மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறது. தோற்கிற பிள்ளைகளும் அதில் உண்டு, ஆனால் எது ஜெயித்தாலும் அது நம் பிள்ளை. அது எனக்குப் போதும், கர்டிஸ். லைலின் அம்மா தொண்ணூற்று நாலு வயதில் பிங்கோ ஆடப் போகிறார். அந்தக் குடும்பத்து ஆயுசுக்கு இந்தப் பணம் காண வேண்டும்.

"சந்தை விழுந்தா அந்த இண்டெக்ஸா உனக்கு ஃபோன் பண்ணும்?" என்றும் கேட்டாய். பண்ணாதுதான். 2008இல் எல்லாவற்றையும் விற்றுவிடு என்று நான் அழுதபோது, சாயங்காலம் தவறாமல் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர மூடு அக்கா. நாயக் கூட்டிட்டு ஒரு நடை போய்ட்டு வா" என்பாய். நாய் மெலிந்தது, பணம் பிழைத்தது. அந்த ஃபோன் எந்தக் கட்டணத்தில் சேர்ந்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

நான் போவதால் உன் வருமானத்தில் எவ்வளவு குறையும் என்று தெரியாது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. லைலைச் சொல்லச் சொன்னேன். "உன் தம்பிகிட்ட நீயே சொல்லிக்கோ. எனக்கு ஜூன்ல அவன்கூட மீன் பிடிக்கப் போகணும்" என்று நழுவிவிட்டார்.

நவம்பர் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ வருவாய் என்று உன் அறையில் படுக்கை விரித்துவிட்டேன். கூரைக் குழாயில் இலை அப்படியே இருக்கிறது, உனக்காக ஏணியை வெளியே எடுத்து வைத்திருக்கிறார் உன் அத்தான். இந்த வருடம் ஹாம் அனுப்பாதே, நானே வாங்குகிறேன். நீ வந்தால் போதும்.

சந்தை விழுந்தால் முன்போலவே கூப்பிடு. விழாவிட்டாலும் கூப்பிடு.

என்றும் உன் அக்கா,
வெர்னா