எண்ணெய் குடித்த அம்புகள்

சேசு மரி சூசை

ஏரியூர்
24-11-85

அன்புள்ள மதலேனுக்கு,

நீ பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறி இன்றோடு பதினோரு நாள். சோறு நானே ஆக்குகிறேன். ஆக்கியதை நானே தின்ன வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம். உன் சிவப்புக் கோழி அடைக்குப் படுத்துவிட்டது. உனக்குக் கால் வீக்கம் குறைந்ததா? நர்சம்மா கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடு. போட்டுவிட்டேன் என்று அத்தையிடம் பொய் சொல்லாதே.

ஒரு சங்கதி. பொங்கல் முடிந்து வரும் கரிநாள் வேட்டைக்கு இந்த வருஷம் வந்தே தீரணும் என்று சென்னப்பன் நம் சைக்கிள் கடைக்கே வந்து உட்கார்ந்துகொண்டான். சரி என்று சொல்லிவிட்டேன். பரணிலிருந்து அம்புகளை இறக்கிப் பார்த்தால், மூன்று வருஷத்தில் இறகையெல்லாம் பூச்சி தின்றிருக்கிறது. சாமியார் பங்களா சமையல்காரர் ராஜாமணியிடம் கெஞ்சி வான்கோழி இறகு வாங்கி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டினேன். காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. இறகில்லாத அம்பு குடிகாரன் மாதிரி போகும், உனக்குத் தெரியாததா? அம்பு கட்டுவது உங்கள் வீட்டு வேலை. சவுரியப்பன் மச்சானைக் கேட்டு, எப்படி ஒட்டினால் நிற்கும் என்று எழுது.

உன்
பிலவேந்திரன்


சேசு மரி சூசை

பாப்பிரெட்டிப்பட்டி
30-11-85

அன்புள்ள மாமாவுக்கு மதலேன் எழுதுவது,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையும் போடுகிறேன், சத்தியமாக. தை பிறந்ததும் எந்த நாளும் ஆகலாம் என்று நர்சம்மா சொல்கிறார்கள். அம்மா என்னை ஒரு குடம் தூக்க விடுவதில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப் போகிறது. கோழி எத்தனை முட்டையில் படுத்திருக்கிறது என்று எழுதவில்லையே. எண்ணிப் பார்க்காமலா இருப்பீர்கள்?

கரிநாள் வேட்டைக்கா? சரிங்க.

அண்ணனைக் கேட்டேன். மூங்கில் காய்ந்து கிடந்தால் பசையை உறிஞ்சிவிடுமாம். அதனால் அம்புக்கு மூன்று நாள் நன்றாக விளக்கெண்ணெய் தடவி ஊற விட வேண்டுமாம். அதற்கப்புறம் ஒட்டினால் நிற்குமாம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

உங்கள்
மதலேனம்மாள்


சேசு மரி சூசை

ஏரியூர்
9-12-85

அன்புள்ள மதலேனுக்கு,

பதினோரு முட்டை. எண்ணிவிட்டேன். உன் கோழி என் கையைக் கொத்தியதையும் எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடி மூன்று நாளுக்கு நாலு நாளாகவே ஊற வைத்தேன். ஒன்பது அம்புக்கும் ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் ஆனது. அதன்மேல் ஒட்டினால், இறகு காயக்கூட இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. சென்னப்பன் தினமும் கடைக்கு வந்து, "என்னடா, உன் வூட்டுக்காரி ஏதாச்சும் எழுதுனாளா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். மச்சானிடம் இன்னொரு முறை கேட்டுச் சொல். நீ கேட்டுச் சொன்னால் எதுவானாலும் செய்கிறேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவே மனசு வருவதில்லை.

உன்
பிலவேந்திரன்


சேசு மரி சூசை

பாப்பிரெட்டிப்பட்டி
16-12-85

அன்புள்ள மாமாவுக்கு,

பிள்ளை நேற்றெல்லாம் உதைத்துக்கொண்டே இருந்தது. அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது அப்பனாட்டமே அடங்காது" என்று சொல்கிறார்கள்.

இறகின் தண்டு விறைப்பாக இருந்தால் அம்போடு படியாதாம். தண்டுக்கு வெண்ணெய் தடவி இளக்கிக்கொள்ளச் சொல்கிறார் அண்ணன். அம்புக்கும் எண்ணெயை நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரு வாரம் போகட்டும். கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை எடுத்துக்கொண்டீர்களா? பழைய கோடு போட்ட சட்டையோடு கோயிலுக்குப் போய் நிற்காதீர்கள். ஊர் என்னைத்தான் பேசும்.

உங்கள்
மதலேனம்மாள்


சேசு மரி சூசை

ஏரியூர்
27-12-85

அன்புள்ள மதலேனுக்கு,

கோடு போட்ட சட்டையோடுதான் போனேன். பூசை முடிந்ததும் மூன்று பேர் உன்னைத்தான் விசாரித்தார்கள், சட்டையை யாரும் விசாரிக்கவில்லை. குஞ்சு ஒன்பது பொரித்திருக்கிறது.

வெண்ணெயும் தடவியாயிற்று. என் கடையிலுள்ள சைக்கிள் செயின் எல்லாம் சேர்ந்து குடித்ததைவிட இந்த ஒன்பது அம்பும் அதிக எண்ணெய் குடித்திருக்கின்றன. கையில் எடுத்தால் விரால் மீனாக நழுவுகின்றன. இறகு மட்டும் நிற்கவில்லை. கரிநாளுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

நீ என்னிடம் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அதையும் எழுது.

உன்
பிலவேந்திரன்


சேசு மரி சூசை

பாப்பிரெட்டிப்பட்டி
4-1-86

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணன் படித்துவிட்டார். "வெண்ணெயா? எவன் சொன்னான் உன் வூட்டுக்காரருக்கு?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அண்ணனை நான் கேட்கவே இல்லைங்க. விளக்கெண்ணெயும் வெண்ணெயும் நானே சொன்னது. இறகு ஒட்டாவிட்டால் நீங்கள் போக மாட்டீர்கள் என்று நினைத்தேன். போகாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் அந்தக் கரிநாளைப் பற்றியும் எழுத வேண்டி வரும். நம் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்த அன்றைக்கு நீங்கள் காட்டில் இருந்தீர்கள். மூன்று வருஷமாக நாம் இரண்டு பேரும் அதை வாயில் எடுத்ததில்லை. எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பொய் சொன்ன பாவத்துக்கு, அண்ணன் சொன்ன சரியான முறையை எழுதிவிடுகிறேன். எண்ணெயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்புறம் விரல் படக் கூடாது. பசையை மெல்லிசாகத் தடவி, இறகை வைத்து நூலால் சுற்றிவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். நிற்குமாம்.

கரிநாளுக்குள் அம்பு தயாராகிவிடும். இனி போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா.

மதலேன்


சேசு மரி சூசை

ஏரியூர்
8-1-86

என் மதலேனுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். கழற்றிய சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதினாலு வருஷமாகப் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறேன். எண்ணெய் பட்ட ட்யூபில் சொல்யூஷன் பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா? புளியங்கொட்டைப் பசை உதிர்ந்தது மட்டும் நிஜம். விளக்கெண்ணெய் என்று படித்த உடனேயே நீ போகாதே என்கிறாய் என்று தெரிந்துவிட்டது. சென்னப்பனிடம் வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுதினேன். நீ திட்டி எழுதுவாய், அதைச் சாக்காக வைத்து நின்றுவிடலாம் என்று பார்த்தேன். நீ திட்டவில்லை. திட்டுகிற வரைக்கும் தடவலாம் என்று தடவிக்கொண்டே இருந்தேன். நானே முதலில் பேசியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்குக் காலையில், "இடுப்பு கடுக்குது மாமா" என்று சொன்னாய். "சுடுதண்ணி வெச்சு ஊத்திக்க" என்று சொல்லிவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு போனேன். பொழுது சாய நான் திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். செத்த முயல் என் கையிலேயே இருந்தது, கீழே போடக்கூடத் தோன்றவில்லை. நீ என்னைப் பார்த்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அம்புகளைப் பரணில் போட்டேன். உன்னை அப்படி விட்டுப் போனதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

சென்னப்பனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "பொண்டாட்டிக்குப் பயந்துட்டயாடா?" என்றான். "ஆமாடா" என்றேன். 13ஆம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன். பிள்ளை பிறக்கிற வரை அங்கேதான் இருப்பேன், நர்சம்மா விரட்டினாலும் வாசலைவிட்டு நகர மாட்டேன். கோழியையும் குஞ்சுகளையும் பக்கத்து மாயவன் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்.

நீ எழுதிய சரியான முறைக்கு இனி வேலை இல்லை. ஒன்பது அம்பையும் முறித்து அடுப்பில் வைத்தேன். ஒரு துளி சீமெண்ணெய் தேவைப்படவில்லை, குச்சி கிழித்ததும் பற்றிக்கொண்டன. நீ போன பிறகு இன்றைக்குத்தான் சோறு பதமாக வெந்தது.

உன்
பிலவேந்திரன்