முள்மரத்தைச் சுற்றிப் போகும் குழாய்

அன்புள்ள டெல்யா அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸுக்கும் வேண்டாம், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன், இங்கே அனைவரும் நலம், பர்மிங்ஹாமில் நீயும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம் என்று. இன்று அவளுக்குத் தெரியாமல் ஜன்னலோரம் டார்ச்சைக் கையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். உடம்பு எல்லோருக்கும் நலம்தான். மற்றது எதுவும் நலமில்லை.

புது வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது. அம்மா தினமும் போய்க் குளியலறை வரப்போகிற இடத்தில் சும்மா நின்றுவிட்டு வருகிறாள். கழிவுக்குழாய் ஒன்றுதான் பாக்கி. சரிவின் அடியில் செப்டிக் டேங்க், வீட்டிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்தால் போதும், ஆனால் அப்பா முளையடித்தபோது வயல் மூலையில் நிற்கும் வெள்ளைப்பூ முள்மரத்தை வளைத்துக்கொண்டு போனார். இவ்வளவு சுற்றினால் குழாய்க்குச் சரிவு போதாது, தண்ணீர் ஓடிவிடும், அழுக்கு தங்கிவிடும் என்று கவுன்சில் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அப்பா முளைகளைப் பிடுங்கி வேறு வழியில் நட்டார், அதுவும் மரத்தைச் சுற்றித்தான், இந்த முறை தண்ணீர் ஊறும் சேற்றுப் பக்கமாக. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் ஃபெஸ்டி மாமா பிடித்துக்கொண்டார். “என்ன மச்சான், முள்மரத்தடியில குடியிருக்கிற குட்டிச்சாத்தானுங்களுக்குப் பயந்துட்டீரா? குழாய் போற போக்கைப் பார்த்தா சந்தை முடிஞ்சு குடிச்சிட்டு வர்றவன் நடை மாதிரியில்ல இருக்கு!” நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அம்மா சிரிக்கவில்லை. “கல்யாணமான நாள்லேருந்து வாளி தூக்கித் தூக்கி என் தோளே இறங்கிப்போச்சு. ஒரு மரத்துக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லையா?” என்றாள். அப்பா உருளைக்கிழங்கைத் தட்டிலேயே விட்டுவிட்டு, “உங்க இஷ்டம்போல செய்ங்க” என்று மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். வியாழக்கிழமை மாமா தோண்டும் எந்திரத்தோடு வருகிறார், நேர்கோட்டில்.

அக்கா, அது குட்டிச்சாத்தான் பயம் இல்லை. முதல் முறை முளையடித்தபோது கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். ஏன் வளைக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பா தொப்பியைக் கழற்றினார். “உனக்கு முன்னாடி ஒரு பையன் பொறந்தான், நுவாலா. தலையில தண்ணி ஊத்துறதுக்குள்ள போயிட்டான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்லைன்னுட்டாரு சாமியார். பெட்டியைக் கோட்டுக்குள்ள வச்சு நானே இங்க கொண்டுவந்து புதைச்சேன். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத” என்றார். காய்ச்சலில் கிடந்த அம்மாவிடம், கோயிலில் குழி தோண்டும் ஆள் மனமிரங்கிக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ரகசியமாக இடம் கொடுத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார். பூசை முடிந்ததும் அவள் அந்தச் சுவரடியில் மண்டியிடுவாளே, ஈரத்தில் முட்டிவலி வரும் என்று நாம்கூடத் திட்டுவோமே, அது அதற்காகத்தான். அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாய், உனக்கு ஏதாவது நினைவிருக்கிறதா?

சொன்னால், இத்தனை வருடமும் வெறும் மண்ணிடம் அழுதேனா என்று அம்மா உடைந்துபோவாள், அப்பாவை மன்னிக்கவும் மாட்டாள். சொல்லாவிட்டால் எந்திரத்தின் பல்லில் அந்தப் பெட்டி வரும், அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள், அவள் ஆசைப்பட்டுத் தோண்டச் சொன்ன குழி அது. நாளைக் காலை தபாலில் இதைப் போட்டால் புதன்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். கிடைத்ததும் நம் ஊர்த் தபால் ஆபீசுக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொல். நீ ஊருக்கு வருவதாகவும், நீ வரும்வரை மண்ணில் கைவைக்க வேண்டாம் என்றும் சொல். நீ மூத்தவள், உன் பேச்சை அவள் கேட்பாள்.

இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே என்று அம்மா போன வாரமே எழுதச் சொன்னாள், மறந்துவிட்டேன். கடவுளும் மாதாவும் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். போன் செய்ய மறந்துவிடாதே அக்கா, புதன்கிழமையே

வயலில் வெளிச்சம் தெரிகிறது. முள்மரத்தடியில் லாந்தர். அப்பாதான். மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, புல்லைக் கத்தை கத்தையாகக் கையாலேயே எடுத்து ஓரமாக அடுக்குகிறார், கோட்டைக் கழற்றித் தரையில் விரித்திருக்கிறார்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. “நுவாலா, முழிச்சிருக்கியாடி? அப்பா படுக்கையில இல்ல. உன் ஜன்னல்லேருந்து பார்த்துச் சொல்லு, எங்க போனாரு