பத்மாவின் தாலிகட்டுப் படம்

இஞ்சாருங்கோ,

உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இந்த ஒரு சொல்லுக்குத்தான் இருட்டறைக்குள் இருந்து “என்னப்பா?” என்று குரல் கொடுப்பீர்கள். இப்போது குரல் வராது என்று தெரிந்தாலும் வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் நல்ல செய்தி. எங்கள் பத்மாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ரயில்வே கந்தோரில் வேலை. அதிகம் கதைக்காத பிள்ளை. கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் இரண்டு அறைக்குள் பந்தல் போட முடியுமா? வெள்ளவத்தையில் மாப்பிள்ளை வீட்டு வளவில்தான் எல்லாம் நடந்தது. ரயில் போகும்போதெல்லாம் ஐயர் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

படம் எடுத்தது நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

நீட்டு லென்ஸ் உங்களுக்கு, கட்டை லென்ஸ் எனக்கு என்று பிரித்துக்கொண்ட காலம் நினைவிருக்கிறதா? முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண் இருக்கிற அறைக்குள் வெளி ஆண்பிள்ளை போக முடியாது. அதற்காகத்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தீர்கள். ஒடுங்கிய அறை, அதற்குள் கட்டில், அலுமாரி, கல்யாணப் பொம்பிளையைச் சுற்றி அரை ஊர்ப் பெண்கள். பின்னுக்குப் போனால் சுவர் முதுகில் முட்டும். கட்டை லென்ஸ் போட்டால்தான் எல்லாரும் படத்துக்குள் வருவார்கள். என் முதல் கல்யாணத்தில் ஓரத்தில் நின்ற மாமியின் முகம் பூசணிக்காய் மாதிரி வந்தது.

“மெலிஞ்ச ஆக்களை எல்லோ ஓரத்திலை விடோணும், தெரியாதே?” என்றீர்கள்.

“முதலே சொன்னால் வாய் நோகுமோ?” என்றேன். அன்று முழுக்க நான் உங்களோடு கதைக்கவில்லை.

தமிழ் வீடுகளில் நீங்கள் நீட்டு லென்ஸோடு மணவறைக்கு எட்டத்தில் நிற்பீர்கள். நடுவில் மாற்றச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். நியாயந்தான். மாட்டியிருக்கிற பலகையோடு லென்ஸைக் கழற்றி, மற்றதை மாட்டி, துருத்தியைச் சரிபண்ணி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு மறுபடியும் தெளிவு பார்க்க வேண்டும். அதற்குள் அங்கே மாலை மாற்றி முடிந்துவிடும். எந்த லென்ஸ் கொண்டு போவது என்று எத்தனை சண்டை பிடித்தோம்! உண்மையில் நாங்கள் எங்கே தெரிந்தெடுத்தோம்? எவ்வளவு கிட்ட நிற்க விடுகிறார்கள் என்று பார்த்து அதற்குத் தக்கதைப் போட்டோம், அவ்வளவுதான்.

நெருப்புக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு தமிழ் வீடுகள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. ஒருவரும் காரணம் சொல்லவில்லை. தாலி இல்லாதவள் மணவறைக்கு முன்னால் வந்து நிற்கலாமா என்பதைச் சொல்லியா தெரிய வேண்டும்? நேற்று வரை “அக்கா, வடிவா எடுங்கோ” என்றவர்கள் தெருவில் என்னைக் கண்டால் கடைக்குள் புகுந்தார்கள்.

எங்கள் தெரு ஹமீதா ராத்தா மட்டும் தேடி வந்தார். கணவன் இறந்தால் அவர்களுடைய பெண்கள் சில மாதம் வெளியே வராமல் இத்தா இருப்பார்கள் அல்லவா? அதை நினைத்துக்கொண்டு கேட்டார்.

“உங்கட ஆக்களுக்கு இத்தா எத்தின மாசம் புள்ள? முடிஞ்சதும் வாங்க. எங்கட மகள்ட கலியாணம் ஈக்கி. பொண்ணு உள்ளுக்கு ஈக்கக்குள்ள வேற யாரு வந்து எடுக்கிற?”

“எங்களுக்கு அது முடியிறேல்லை, ராத்தா.”

அவர் என் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த வீடுகளால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

சரி, பத்மாவின் கல்யாணத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின நாள் வெள்ளவத்தைக்குப் போனபோது மாப்பிள்ளையின் தாய் எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார்.

“மச்சாள், நீங்கள் தானே படம் எடுக்கிறியள். வாசல் கேற்றடியிலை நிண்டு எடுத்தால் எல்லாருக்கும் சுகம்.”

“ஓம், ஓம். என்னட்டை நீட்டு லென்ஸ் இருக்குத்தானே” என்றேன். என் வாய்தான் சொன்னது. பெற்ற தாய் ஏன் கேற்றடியில் நிற்கிறாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. படம் எடுக்கிறவள் தூரத்தில் நிற்பது வழக்கந்தானே? உங்களுடைய லென்ஸ் எங்கள் எல்லாருக்கும் நல்ல சாட்டாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் பத்மா பிடித்துக்கொண்டாள். “நீங்கள் ஏனம்மா கேற்றடியிலை?”

“எட்ட நிண்டு எடுத்தால்தான் முகம் வடிவா வரும், பிள்ளை.”

ஸ்டூடியோவில் வளர்ந்தவளிடம் இந்தக் கதை எடுபடுமா? என்னை ஒரு பார்வை பார்த்தாள். “கட்டையையும் கொண்டு வாங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

தாரை வார்த்துக் கொடுத்தது என் தம்பியும் அவன் பெண்சாதியும். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் கையின் கீழ் என் கை இருந்திருக்கும். நான் கேற்றடியில் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். கூறை மாற்றி வந்த பிள்ளையைக் கமராவின் பின்கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்தேன். என்ன வடிவு தெரியுமா? உங்கள் தாயின் நெற்றி. அப்போது கண்ணாடித் தட்டில் இரண்டு படம் எடுத்தேன், இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன.

தாலி கட்டுகிற நேரம் வந்ததும் அறுகரிசி போடுவதற்காகச் சபை முழுவதும் எழும்பி நின்றது. கண்ணாடியில் முதுகுகள்தான் தெரிந்தன. முதுகுகளுக்கு நீட்டு லென்ஸ் என்ன செய்யும்? முன்னுக்குப் போய்க் கட்டையால் எடுப்பதென்று நீட்டைக் கழற்றினேன். அது கையில் இருக்கும்போது கெட்டிமேளம் கொட்டத் தொடங்கிவிட்டது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கெட்டிமேளம் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் படம் எடுக்காமல் விட்டதில்லை. அன்று மற்ற லென்ஸை எடுக்கக் குனியவே மனம் வரவில்லை. என் பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுகிறது, நான் பலகை மாட்டிக்கொண்டு நிற்பதா? கமராவை வாய் திறந்தபடி விட்டுவிட்டு நடந்தேன்.

“வழி விடுங்கோ, படம் எடுக்கிற அம்மா வாறா” என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் விலகினார்கள். தாய் வருகிறாள் என்று தெரிந்திருந்தால் விலகியிருப்பார்களா?

மாப்பிள்ளை முடிச்சுப் போட்டபோது நான் அவளுக்கு ஒரு எட்டுத் தூரத்தில் நின்றேன். அவள் தலை நிமிர்ந்து என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஒருத்தி, “அபசகுனம்” என்றாள். எனக்குக் கேட்டது, பத்மாவுக்கும் கேட்டது. அவள் கையை விடவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். நீங்கள் எங்கே போய்விட்டீர்கள் என்று அந்தச் சபையில் வைத்து உங்களை மனதுக்குள் ஏசினேன்.

பிறகு சம்பந்தி அம்மா படம் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். நன்றாக வந்திருக்கிறது என்றார். முடிவில் கேட்டார்.

“தாலி கட்டுற படம் எங்கை மச்சாள்?”

“அது இல்லை.”

அவருக்கு விளங்கிவிட்டது. கதவுப் பக்கம் ஒருக்கால் பார்த்துக்கொண்டார். “தட்டு உடைஞ்சு போச்செண்டு சொல்லுவம். ஆக்கள் கேட்பினம். உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை.”

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். தலையாட்டியிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும்.

“தட்டு உடையேல்லை மச்சாள். நான் எடுக்கேல்லை. அந்த நேரம் என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கேட்கிற ஆக்களுக்கு அப்பிடியே சொல்லுங்கோ.”

படங்களை எடுத்துக்கொண்டு போனவர்தான். தீபாவளிக்குப் பிள்ளையை அனுப்பவில்லை. மாப்பிள்ளை மட்டும் கந்தோர் விட்டு வருகிற வழியில் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். போன கிழமை வந்து, “மாமி, அவவுக்கு ஏலாமல் இருக்கு. சத்தி எடுக்கிறா” என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீங்கள் அம்மப்பாவாகப் போகிறீர்கள். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்? அவர் போன பிறகு உங்கள் கதிரையில் போய் இருந்து அழுதேன். அபசகுனம் என்ற அந்தச் சொல் நினைவுக்கு வந்து, இந்த நேரத்தில் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று நெஞ்சு பதறியது. அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கே கோபமும் வந்தது. பயம் இருக்கிறது, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

ஒரு வாக்குத் தருகிறேன். அவளுக்கு நோவு கண்டால் எவரும் சொல்லி அனுப்பத் தேவையில்லை. பஸ்ஸோ ரயிலோ எது முதலில் வருகிறதோ அதில் வெள்ளவத்தைக்குப் போவேன். அந்த வீட்டுப் படியேறி, பிள்ளை கிடக்கிற அறைக்குள் போய், அவள் தலைமாட்டில் இருப்பேன். எழும்பு என்று யார் சொன்னாலும் எழும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, பத்மாவின் அம்மா