பதினோராவது தேங்காய்

என் கண்ணான தம்பி மாணிக்கத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போன பிறகு இது மூன்றாவது ஆட்டக்காலம். காலேஜ் மைதானத்தில் முள் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். நம் காபி கிளப்பில் பழையபடி கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. இதை உனக்கு மட்டும் எழுதி அரிசிப் பானைக்குள் போட்டு வைக்க எனக்கு மனமில்லை. ஊரும் படிக்கட்டும். உனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், நீ என்ன எழுந்து வந்து சண்டையா போடப்போகிறாய்?

முதலில் கடைச் செய்தி சொல்கிறேன். ஒரு காபியை ஒரு மணி நேரம் குடிக்கிற உன் ரசிகப் பெருமக்களில் ஒருவரும் குறையவில்லை. ஜவுளிக்கடை நாகலிங்க மாமாவுக்கு இன்னும் நடு பெஞ்சுதான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இன்னும் அவருக்கு எதிர்க்கட்சிதான். குடித்த டம்ளர்களை மேஜைமேல் நிறுத்தி, இது கோல்கீப்பர், இது பேக், இது சென்டர் ஹாஃப் என்று நகர்த்தி நகர்த்திச் சண்டை போடுவார்களே, அதுவும் நிற்கவில்லை. வீட்டில் பெண்டாட்டி கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாத மனிதர்கள், டிரில் மாஸ்டர் எந்த இடத்தில் புத்தி பிசகினார் என்பதை மட்டும் அச்சடித்த மாதிரி சொல்வார்கள்.

விளிம்பு நசுங்கிய பித்தளை டம்ளர்தானே எப்போதும் நீ? மேஜைக்கு நடுவில் அதை வைத்து, "மாணிக்கம் இருக்கறப்ப நமக்கு என்னய்யா பயம்?" என்பார் மாமா. நான் தடுப்புக்குப் பின்னால் மாவாட்டிக்கொண்டே சிரித்துக்கொள்வேன். ஆத்தா இல்லாத வீட்டில் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கு இல்லாத பெருமையா அவர்களுக்கு?

அப்போதைய டிரில் மாஸ்டர் தேவசகாயம் சார் உன்னை உட்கார வைத்த வருஷம் அந்த மேஜையில் நடந்த சண்டை உனக்கு முழுதாகத் தெரியாது. இரண்டு வருஷம் உன்னை நடுவில் நிறுத்தி ஆட வைத்தவர், மூன்றாம் வருஷம் காரணம் சொல்லாமல் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பையனை அந்த இடத்தில் இறக்கினார். சாரும் அந்தப் பக்கத்துக்காரர். கேட்க வேண்டுமா? "தன் ஊருக்காரனை எறக்கிட்டு நம்ம புள்ளைய ஒக்கார வச்சுட்டான் பாத்தீங்களா" என்று மாமா மேஜையைத் தட்டினார். எல்லாவற்றுக்கும் மறுத்துப் பேசுகிற குமாஸ்தாவே அன்றைக்கு ஆமாம் போட்டார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கும் சார்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. உனக்குத்தான் இல்லை. "மாஸ்டர் ஏதோ யோசிச்சுத்தான் செய்வாரு, விடுக்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனாய். ரோஷக்காரன் இப்படிச் சாதுவாகப் பேசுகிறானே என்று நினைத்தேன். காரணம் எனக்குத் தெரியாது.

மேட்ச் அன்று காலையில் மைதானத்துப் பிள்ளையாருக்கு ஆட்டக்காரனுக்கு ஒன்று என்று பதினோரு தேங்காய் உடைப்பது நம் ஊர்க்காரர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். ஒவ்வொருவன் பேரையும் மாமா உரக்கச் சொல்லி ஓங்கிச் சிதற அடிப்பார். அந்த வருஷம் பதினோராவது தேங்காயைத் திருநெல்வேலிப் பையன் பேருக்கு உடைக்கவில்லை. உன் பேருக்கு உடைத்தார்கள். உடைத்துவிட்டு, "சாமிகிட்ட பேரைச் சொல்லியாச்சு, இனி அவன் எறங்காம இருந்தா தெய்வக் குத்தம்" என்று கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆட்டம் ஆரம்பிக்கவில்லை. வந்திருந்த வெளியூர்க் காலேஜ்க்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

நான் அடுப்படியில் இருந்தேன். "மாணிக்கம்! மாணிக்கம்!" என்று கத்துகிற சத்தம் கடைவரைக்கும் கேட்டது. உன்னை இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. இரவுக்கு உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைக்கலாமென்று மொச்சையை ஊறப் போட்டேன். ஹாஃப் டைமுக்குப் பிறகு திடீரென்று சத்தம் நின்றுபோனது. நமக்கு கோல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

உன்னைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மேஜையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒழுங்காகப் பயிற்சி கொடுக்காமல் உட்கார வைத்துவிட்டு, திடீரென்று ஓட விட்டால் நெஞ்சு தாங்குமா, டிரில் மாஸ்டர்தான் பையனைக் கொன்றுவிட்டார் என்று பேசினார்கள். ஊர் முழுக்க அதே பேச்சு. காலேஜ் வாசலில் போய்க் கத்தினார்கள். சார் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மனைவியோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் அவர் நம் கடையைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அவர் நின்று, நம் கடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். குற்றவாளி கும்பிடுகிறான் என்று குமாஸ்தா சொன்னார்.

இப்போது கேள். போன மாதம் உன் கோல்கீப்பர் காதர் வந்தான். படிப்பை முடித்து லாரி ஆபீஸில் இருக்கிறான். கடைக்கு முன்னால் வராமல் பின்பக்கமாக வந்து, கிணற்றடியில் நின்றுகொண்டு அழுதான்.

"என்னடா காதர், என்ன ஆச்சு?" என்றேன்.

"என்னால இனிமே தாங்க முடியாதுக்கா. புது மாஸ்டரையும் இவங்க அதே மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. மாணிக்கம் எங்கிட்ட சத்தியம் வாங்கிருந்தான், அதான் இம்புட்டு நாளும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பயிற்சியில் ஒருநாள் நீ மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாம். உதடு நீலமாகிவிட்டதாம். சார் உன்னைத் தன் சைக்கிளில் உட்கார வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாராம், கூடக் காதரும். இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் அடித்ததா, அதிலிருந்து வந்தது, இனி ஓடவே கூடாது என்றாராம் டாக்டர். அந்தக் காய்ச்சலுக்கு உன் முட்டியில் பற்றுப் போட்டவள் நான்தானே. அதற்கும் இதற்கும் முடிச்சு இருக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

திரும்பி வரும்போது நீ சாரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாயாம். "எங்க அக்காவப் பொண்ணு பாக்க குடுமியான்மலையில இருந்து வாராங்க சார். வீட்டுல இருதய நோய் இருக்குன்னு தெரிஞ்சா அந்த இடம் நின்னு போயிரும். அக்கா கழுத்துல தாலி ஏறட்டும், அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க." சார் சரி என்றாராம்.

அடப் பாவி. எனக்காகவா?

மேட்ச் அன்று சார் கோட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து நின்று உன்னை மறித்தாராம். நாலைந்து பேர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். ஒருவன் கை ஓங்கினானாம். "மாஸ்டரை அடிச்சிருவாங்கன்னுதான்க்கா அவன் எந்திரிச்சு ஓடுனான். கொஞ்ச நேரம் ஆடிட்டு வந்துர்றேன் சார்னு அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போனான்" என்றான் காதர். நீ செத்த பிறகும் சார் வாயைத் திறக்கவில்லை. உன் அக்காவுக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகவில்லையே.

அந்தக் குடுமியான்மலைக்காரர்கள், சாவு விழுந்த வீட்டில் சம்பந்தம் ஆகிவராது என்று அப்போதே சொல்லி அனுப்பிவிட்டார்கள். உன் ரகசியத்தை வைத்துக்கொண்டு நமக்கு ஒரு புண்ணியமும் இல்லை, தம்பி.

மறுநாள் சாயங்காலம் மேஜையில் டம்ளர்கள் நின்றன. இப்போதைய சென்டர் ஃபார்வர்டு அரிமளத்துப் பையன் சேதுராமன். அவனைப் புது மாஸ்டர் உட்கார வைத்திருக்கிறார், காரணம் சொல்லவில்லை. "இந்தப் புது மாஸ்டரும் தேவசகாயத்துக்கு அண்ணன்தான்" என்றார் மாமா. "ஞாயித்துக்கெழமை சேது பேருக்குத் தேங்காய் ஒடைப்போம். எறக்காம எப்படி இருக்கான்னு பாத்துருவோம்" என்று சொல்லிக்கொண்டே, நசுங்கின டம்ளரை எடுத்து முன்னால் வைத்தார்.

நான் மாவுக் கையோடு தடுப்பைத் தாண்டி வந்தேன். அந்த டம்ளரை மேஜையிலிருந்து எடுத்தேன். "உள்ள போ ஆத்தா" என்றார் அப்பா. அவருக்கு அரிமளத்தில் எனக்கு ஒரு இடம் பேசி வைத்திருக்கிற கவலை. நான் போகவில்லை. காதர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். இருதய நோய் என்ற சொல்லையும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன். அப்பா அப்படியே சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

மாமா அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷன் அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நாங்க விட்டிருப்பமா? எல்லாம் அவரு செஞ்ச தப்பு" என்றார். குமாஸ்தா தலையாட்டினார். பிறகு ஒருவர், "அது சரி, ஞாயித்துக்கெழமை நம்ம லெஃப்ட்ல யாரு?" என்று கேட்டார். இவர்களோடு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அரிமளத்துக்காரர்கள் வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

காதர் லாரியோடு லாரியாகத் தெற்கே போய் சாரைப் பார்த்துவிட்டு வந்தான். எந்தக் காலேஜிலும் அவர் இல்லை. யாரோ ஒருவருடைய வாழைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறாராம். நான் கடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன் என்று காதர் சொன்னதும், சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டாராம். இல்லை என்றானாம். "அப்போ என்ன மயித்துக்குல நீ சொன்னே?" என்று அவனை அடிக்க வந்தாராம். கெட்ட வார்த்தை பேசி நாம் கேட்டிராத மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். பெண்கள் யாரும் அங்கே வருவதில்லை. அப்பா ஒன்றும் கேட்காமல் கடையைச் சாத்திவிட்டு என் பின்னால் வந்தார். மாமா பத்துப் பேர் சொல்லிப் பத்துத் தேங்காயையும் உடைத்தார். பதினோராவதைக் கையில் எடுத்து, "அரிமளம் சேதுராமன்..." என்று ஆரம்பித்தார். நான் தேங்காய் உடைக்கிற கல்லுக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாமா, அதை எங்கிட்ட குடுங்க."

"என்ன தாயி இது, சாமி காரியத்துல வந்து? அங்கிட்டுத் தள்ளு."

"தள்ள மாட்டேன். ஒடைக்கணும்னா என் மண்டையில ஒடைங்க."

அவர் கை ஓங்கின மேனிக்கே நின்றது. அப்பா முன்னால் வந்தார். "குடுத்துருங்க நாகலிங்கம்" என்றார். உன் சாவைப் பற்றி அவர் வெளி ஆளிடம் பேசிய பேச்சு இத்தனை நாளில் அது ஒன்றுதான். மாமா தேங்காயைக் கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கோட்டுக்கு வெளியில் போய் உட்கார்ந்தார்கள்.

நாம் தோற்றோம். சாயங்காலம் கடையில் கூடி, ஒரு தேங்காய் குறைந்ததால்தான் தோல்வி என்று தீர்ப்புச் சொன்னார்கள். புது மாஸ்டரோடு என் பேரும் சேர்ந்தது. நான் அந்தத் தேங்காயைத் துருவி, பச்சை மிளகாய் வைத்து அரைத்துத் தாளித்து, அவர்கள் இட்லிக்கு அதைத்தான் ஊற்றினேன். மாமா சட்னியை மறுபடியும் கேட்டு வாங்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு சேதுராமன் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஒங்களாலதான் நான் இன்னைக்கு ஆடல. இனி என்னை யாரு சேத்துக்குவாங்க? நீங்க யாருங்க கேக்குறதுக்கு?" என்று கத்தினான். அவனை ஏன் உட்கார வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அந்த மாஸ்டர் நிஜமாகவே ஓரவஞ்சனைக்காரராகவும் இருக்கலாம். நான் அவனுக்கு இலை போட்டு இட்லி வைத்தேன். கோபத்தோடேயே சாப்பிட்டான். அவன் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாணிக்கம், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த ஊரில் பந்தாட்டம் இருக்கிற வரைக்கும், மேட்ச் காலையில் நான் பிள்ளையார் முன்னால் நிற்பேன். மாஸ்டர் உட்கார வைத்த பையன் பேருக்கு ஒரு தேங்காயும் உடைய விடமாட்டேன். அவன் என்னை எவ்வளவு திட்டினாலும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவேன். சாரை ஒருநாள் நானே போய்ப் பார்த்து, எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு நீங்கள் காரணமில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். உன் டம்ளரை மேஜைக்கு அனுப்புவதில்லை. அதில் இப்போது நான்தான் காபி குடிக்கிறேன்.

உன்னைச் சுமந்த இடுப்போடு இன்னும் இங்கே இருக்கிற
உன் அக்கா,
காமாட்சி